வள்ளி யார் வீட்டுப் பிள்ளை?

"ஒரு நாட்டுக்குத் தன் பழங்குடி மக்களை நியாயமாக நடத்தும் தார்மீகக் கடமை உண்டா? இலங்கையில் நிலைமை என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் கடமை என்றதும் எல்லோரும் அரசாங்கத்தைக் கைகாட்டிவிடுகிறோம். இலங்கையில் பழங்குடி என்றால் வேடர்கள். அவர்களைப் பற்றிப் பேச, நான் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

சின்ன வயதில் தலை இழுக்காமல் சாப்பிட வந்தால் அம்மம்மா, "வேடுவப் பிள்ளை மாதிரி வந்து நிற்கிறாய்" என்று ஏசுவார். அதே அம்மம்மா கதிர்காமத்தில் வள்ளியம்மன் சந்நிதியில் கண் கலங்கி நிற்பார். வள்ளி யார் வீட்டுப் பிள்ளை என்று அவரிடம் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அரசாங்கத்துக்கு வருவோம். 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவானது. மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்து நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியையும் யானைகளையும் காப்பது நோக்கம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது வேடர்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதுபோல 'வன்னியலா எத்தோ', தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேன் எடுத்த காடு. பிரகடனத்தோடு வேட்டை குற்றமாகிவிட்டது. பல குடும்பங்களைக் காட்டுக்கு வெளியே ஹெனானிகலவில் குடியேற்றி, வயல் கொடுத்தார்கள். தலைவர் திசாஹாமி போக மறுத்து, ஒரு சில குடும்பங்களோடு தன் ஊரான தம்பானையிலேயே இருந்துவிட்டார். 1998இல் அவர் இறக்கும்வரை அதே பிடிவாதம்தான். எந்த மரத்தில் தேன்கூடு இருக்கும் என்று தெரிந்தவனிடம் வரப்பைக் கொடுத்துவிட்டு, அதை உதவி என்று சொன்னோம். இன்று கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போய், கோடரி தோளில் நிற்கும் அதே ஆட்களோடு படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

பழங்குடியினரின் சம்மதம் இல்லாமல் அவர்களை இடம்பெயர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் சொல்கிறது. இலங்கை அதற்கு ஆதரவாகத்தான் வாக்களித்தது. ஆஸ்திரேலியா அன்று எதிர்த்தது, 2008இல் நாடாளுமன்றத்தில் தன் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது, 2023 மக்கள் வாக்கெடுப்பில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழுவை அவர்களுக்குக் கொடுக்கவும் மறுத்தது. ஆக, மன்னிப்பு மட்டும் போதாது. காட்டுக்குள் போக, அதைப் பற்றி முடிவெடுக்க அவர்களுக்குள்ள உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் கணக்கெடுப்பு. 1953இல் வேடர்கள் 803 பேர், 1963இல் 400. மிச்சப்பேர் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை. பலர் சிங்களவராகவும் தமிழராகவும் எழுதப்பட்டுவிட்டார்கள். 2012 கணக்கெடுப்பில் அவர்களுக்கென்று தனிப் பிரிவே இல்லை. வாகரைப் பக்கம் கடலோரத்தில் மீன்பிடித்து, தேன் எடுத்து, தமிழ் பேசி வாழும் வேடர்களை நம் கணக்கில் சேர்த்தபோது நாம் ஆட்சேபிக்கவில்லை. நம் எண்ணிக்கை கூடுகிறதே! ஆனால் கோயிலிலும் கல்யாணப் பேச்சிலும் மட்டும் அவர்கள் 'வேடுவர்' ஆகிவிடுவார்கள். சிறுபான்மை என்று நியாயம் கேட்கும் நாமே செய்யும் வேலை இது.

என்னால் முடிந்தது சின்ன விஷயம்தான்: அந்த ஏச்சை எங்கள் வீட்டில் நிறுத்தச் சொன்னேன். போன வாரம் பெரியம்மா என் மகளைப் பார்த்து அதையே சொன்னார். திருத்தினேன். அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.