காட்டு வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

(தேசியப் பூங்காக்களில் பயிற்சி, வேலை பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பன்னேர்கட்டா–ஓசூர் எல்லையில் யானைகள் குறித்து ஆய்வு செய்துவரும் களப்பணியாளர் பதில் அளிக்கிறார்.)

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு தேசியப் பூங்காவில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. இணையத்தில் பார்த்த ஒரு நிறுவனம் பத்து நாள் 'புலி ஆராய்ச்சிப் பயிற்சி'க்கு 22,000 ரூபாய் கேட்கிறது. சான்றிதழும் உண்டாம். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சேரலாமா?
— கல்லூரி மாணவி, அல்சூர்

கடன் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளும் நல்ல அமைப்புகள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'புலி ஆராய்ச்சி' என்று சொன்னால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 28-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 35-ஆம் பிரிவு அதைத் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தச் செய்கிறது. ஆகவே அந்த நிறுவனத்தாரிடம் இதை மட்டும் கேளுங்கள்: எந்த ஆய்வுக்காக, யார் பெயரில் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், அதில் என் பெயர் சேருமா? நேரான பதில் வரவில்லையென்றால், உங்களைச் சுற்றுலா ஜீப்பில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காண்பித்துவிட்டுக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள் என்று பொருள். அந்தக் காகிதத்தைப் பார்த்து எந்த ஆய்வாளரும் உங்களை வேலைக்கு எடுக்கமாட்டார். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீடுகளைக் குறிவைத்து இது நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், பன்னேர்கட்டா என்றால் இரண்டு இடங்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து 365 பஸ் பிடித்து எல்லோரும் போகும் விலங்குக்காட்சி சாலையும் சஃபாரியும் உயிரியல் பூங்கா. அது 2002-இல் தேசியப் பூங்காவிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. விலங்குகளைப் பக்கத்தில் இருந்து கவனிப்பது, தீவனம் தயாராவதைப் பார்ப்பது, வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவது போன்ற வேலைகளை அங்கே கற்கலாம். கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கு அது மிகவும் பயன்படும். தேசியப் பூங்கா என்பது அதற்குப் பின்னால் தெற்கே நீளும் காடு. அங்கே ஒரு மாணவி தனியாக மனுப்போட்டு உள்ளே போவது கடினம். ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து போவதுதான் வழி.

அத்தகைய திட்டங்களை நடத்துபவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பெல்லாரி சாலையில் தேசிய உயிரியல் அறிவியல் மையம், ஜக்கூரில் 'ஏட்ரீ' என்னும் சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு, 1984 முதல் இயங்கும் வன உயிரின ஆய்வு மையம், மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை. இவர்களுடைய இணையதளங்களில் எந்த ஆய்வாளர் எந்தக் காட்டில் என்ன செய்கிறார் என்று படியுங்கள். அந்த ஒருவருக்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். "எனக்குச் சிறு வயது முதல் விலங்குகள் மேல் பிரியம்" என்று தொடங்காதீர்கள்; என் அஞ்சல் பெட்டியில் வரும் பெரும்பாலான கடிதங்கள் அப்படித்தான் தொடங்குகின்றன, அதை வைத்து எவரையும் என்னால் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. உங்களால் என்ன செய்ய முடியும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை வர முடியும் என்பதை எழுதுங்கள்.

பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் வேலை தானியங்கி கேமராக்களின் படங்களைப் பிரிப்பது. காற்றில் ஆடிய புல், மேய வந்த மாடு, விறகுக்குப் போகும் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓடும். நடுவே ஒரு சிறுத்தை வரும். ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளை வைத்தே அடையாளம் காண்கிறோம். வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் இரண்டு பக்கப் படங்களும் தேவை. அலுப்பில்லாமல் பிழையில்லாமல் இதைச் செய்கிற பிள்ளையைத்தான் அடுத்த முறை காட்டுக்குக் கூப்பிடுவோம். அங்கே விடியற்காலை இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடந்து, கண்ட புள்ளிமான் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்க வேண்டும். இந்த ஒழுங்கை இப்போதே பழகிக்கொள்ளலாம். பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போவீர்கள் என்றால், தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். கட்டணம் கிடையாது. தேதியும் நேரமும் இடமும் சரியாகக் குறித்த ஒரு நோட்டுப் புத்தகத்தை, அந்த 22,000 ரூபாய்ச் சான்றிதழைவிட நான் பெரிதாக மதிப்பேன்.

இன்னொன்று. நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட தகுதி ஒன்று இருக்கிறது. அல்சூரில் வளர்ந்தவருக்குத் தமிழோடு கன்னடமும் ஓரளவு தெலுங்கும் வரும். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா யானைகள் மாநில எல்லையைக் கடந்து தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரிப் பக்கம் இறங்குகின்றன. அந்த ஊர்களில் ஒரே தெருவில் இந்த மூன்று மொழிகளும் பேசப்படுகின்றன. யானை எந்த வழியாக வந்தது, எத்தனை மூட்டை போயிற்று, இழப்பீட்டுக்கு மனுக் கொடுத்தார்களா, பரணில் இரவுக்காவல் இருப்பது யார் என்று ஒரு விவசாயியிடம் உட்கார்ந்து அவர் மொழியில் கேட்கத் தெரிந்தவர்கள் எங்களுக்கு எப்போதும் தேவைப்படுகிறார்கள். யானை ஆய்வில் பாதி வேலை மனிதர்களிடம்தான். இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பி.காம். முடித்துக் கணக்கர் வேலையில் இருக்கிறேன். வயது 25. வனத்துறைக்கு வர முடியுமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

இந்திய வனப் பணி உங்களுக்கு இல்லை. அதற்கு விலங்கியல், தாவரவியல், வேதியியல், கணிதம் போன்ற குறிப்பிட்ட பாடங்களிலோ, வேளாண்மை, வனவியல், பொறியியலிலோ பட்டம் வேண்டும். (தகுதி உள்ளவர்களுக்கு: பொதுப் பிரிவில் வயது வரம்பு 32. நடைத் தேர்வில் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து முடிக்க வேண்டும்.) கர்நாடக வனக்காவலர் வேலையென்றால், கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் அதை நினைக்க முடியாது.

ஆனால் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வன உயிரியல் முதுகலைப் படிப்பு, அறிவியல் படிக்காதவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சேர்க்கை கிடையாது என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நல்ல கணக்கர் கிடைக்காமல் திணறும் பாதுகாப்பு அமைப்புகளும் உண்டு. அந்த வழியாக உள்ளே வந்து, வார இறுதிகளில் களத்துக்குப் போகத் தொடங்கலாம்.

என் மகள் பந்திப்பூரில் ஆறு மாத ஆய்வுத் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்குத் தூக்கம் இல்லை. அனுப்பலாமா?
— ஒரு தாய், ராமமூர்த்தி நகர்

அனுப்புங்கள் அம்மா. ஆனால் உங்கள் பயத்தை யாரும் சிரித்து ஒதுக்கிவிட அனுமதிக்காதீர்கள்.

எல்லோரும் புலிக்குப் பயப்படுகிறார்கள். நடந்து வேலை செய்பவர்களுக்கு யானைதான் ஆபத்து. அதனால் வழி தெரிந்த காவலரோ உள்ளூர்ப் பழங்குடி உதவியாளரோ முன்னால் நடக்காமல் அவள் காட்டுக்குள் போகக்கூடாது. அடுத்தது உண்ணி. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிக் கடியால் பரவுவது. 2012-இல் பந்திப்பூர்ப் பக்கமும் தென்பட்டது. முழுக்கை உடை, மாலையில் உடம்பைச் சோதித்துப் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் காட்டில் இருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்வது: இவை அவளுக்குப் பழக்கமாக வேண்டும்.

திட்டத் தலைவரிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா? இரவில் அவசரத்துக்கு வண்டி எங்கே நிற்கும்? காப்பீடு யார் எடுக்கிறார்கள்? சம்பளம் எவ்வளவு? சம்பளம் இல்லை, அனுபவம்தான் என்று சொன்னால் மறுத்துப் பேசட்டும். கூலியில்லாமல் வேலை வாங்கும் பழக்கத்தால்தான் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர முடியாமல் போகிறது. முதுகலை முடித்து நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வாளர் ஆனால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் அரசு நிர்ணயித்திருக்கிறது. அதுவரை வருமானம் சீராக இருக்காது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சேரும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். மைசூரு வழியாகக் குண்டுலுப்பேட்டைக்கு பஸ் இருக்கிறது. அறையைப் பார்த்து, கூட வேலை செய்யும் பெண்களிடம் பேசி, கள உதவியாளரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம்.