பாட்டில் வெயிலில், பழி ஷாம்பெயின் மேல்

கேள்வி: வெயில் அடித்த வார இறுதியில் நண்பர்கள் ஐந்து பேர் தோட்டத்தில் கூடி, ஆறு ஸ்பார்க்ளிங் ஒயின் (குமிழி ஒயின்) பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்துச் சுவைத்தோம். முதலில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று அச்சிட்ட, இத்தாலியக் குமிழி ஒயினான புரோசெக்கோ. நடுவில் திறந்த, நிறமற்ற பாட்டிலில் வந்த ரோஸேயில் (இளஞ்சிவப்பு ஒயினில்) முட்டைக்கோஸ் வேகும் வாடை. கடைசியில் விலை அதிகமான ‘புருட்’ ஷாம்பெயின். ஐவருக்கும் புரோசெக்கோதான் பிடித்தது, ஷாம்பெயின் புளித்தது. ஷாம்பெயின் என்பது வெறும் பெயர்தானே?

பதில்: ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம். நீங்கள் ஒப்பிட்டது ஆறு ஒயின்களை அல்ல, சர்க்கரையையும் வெயிலையும்.

‘எக்ஸ்ட்ரா டிரை’ என்ற பெயரைக் கண்டு ஏமாறாதவர் குறைவு. இனிப்பே இல்லாதது என்று பொருள்படும்படி ஒலித்தாலும், அந்தப் பெயருள்ள ஒயினில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘புருட்’ என்றால் 12 கிராமுக்குள். இனிப்பானதை முதலில் குடித்து நாக்கைப் பழக்கிவிட்டு, அதைவிட இனிப்புக் குறைந்ததைக் கடைசியில் ஊற்றினால் அது புளிக்காமல் என்ன செய்யும்? வரிசையைத் தலைகீழாக்கியிருந்தாலே உங்கள் தீர்ப்பு ஆட்டம் கண்டிருக்கும்.

அடுத்தது வெயில். குமிழியாக வருவது கரியமில வாயு. அது குளிர்ந்த ஒயினில் கரைந்து நிற்கும், சூடேறியதில் நிற்காது. ஆகவே மேசையில் அதிக நேரம் காத்திருந்த கடைசிப் பாட்டில், திறந்ததும் நுரையாகப் பொங்கிவிட்டு, கிளாஸில் சோர்ந்துபோயிருக்கும். 8 முதல் 10 டிகிரிக்குள் பரிமாற வேண்டியதை வெதுவெதுப்பாகக் குடித்துவிட்டு அதன் மேல் குறை சொல்வது நியாயமில்லை. ரோஸேயின் வாடைக்கும் தயாரித்தவர் பொறுப்பல்லர் என்றே சந்தேகிக்கிறேன்: நிறமற்ற கண்ணாடி வழியே புகும் ஒளி ஒயினிலுள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினைத் தூண்ட, கந்தகம் கொண்ட அமினோ அமிலம் சிதைந்து, நீங்கள் முகர்ந்த அதே முட்டைக்கோஸ் வாடை எழும். கிரிஸ்டல் என்ற புகழ்பெற்ற ஷாம்பெயின் நிறமற்ற பாட்டிலில் வருவதும், அதன் மேல் ஒளியைத் தடுக்கும் மஞ்சள் தாள் சுற்றியிருப்பதும் தற்செயல் அல்ல.

இனி, வெறும் பெயரா என்பது. பெயருக்குப் பின்னால் வேலை இருக்கிறது. புரோசெக்கோவில் பெரும்பாலானவற்றுக்கு, குமிழியைத் தரும் இரண்டாவது நொதித்தல் பெரிய தொட்டியில் சில வாரங்களில் முடிந்துவிடும். புரோசெக்கோவுக்கான க்ளேரா திராட்சையின் பழ வாசனை கெடாமல் இருக்க அதுவே நல்ல வழியும்கூட. ஷாம்பெயினில் அது ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது. லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடிக்கும்போது, கார் டயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் உள்ளே சேர்ந்துவிடும். சாதாரண ஷாம்பெயின்கூடக் குறைந்தது 15 மாதம் பாட்டிலில் கிடந்தாக வேண்டும். அதில் 12 மாதம் மடிந்த ஈஸ்ட் வண்டலோடு. சுடச்சுட ரொட்டியைப் பிட்டதுபோன்ற அந்த மணம் வண்டல் தந்தது; வெயிலில் சூடேறிய கிளாஸில் அதைத் தேடினால் கிடைக்காது. (குமிழி ஒயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரினியோன் என்ற பிரெஞ்சுத் துறவி என்று நண்பர்களில் யாராவது அளந்திருந்தால், அவர் ஷாம்பெயின் பகுதியிலுள்ள ஓவில்லேர் மடத்துக்கு வந்தது 1668இல் என்பதையும், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் முறையைக் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1662லேயே லண்டனில் விவரித்துவிட்டார் என்பதையும் சொல்லிவையுங்கள்.)

அடுத்த முறை பாட்டில்களை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் நிழலில் வையுங்கள். விலையும் பெயரும் தெரியாதபடி துணி சுற்றி, சர்க்கரை குறைந்ததில் தொடங்குங்கள். திறக்கும்போது கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சுழற்றுங்கள். குறுகிய நீள கிளாஸை விட்டுவிட்டு, மூக்கு நுழையும் அளவு வாயுள்ள கிளாஸில் பாதிக்குக் கீழே ஊற்றுங்கள். அப்போதும் புரோசெக்கோவே வென்றால் தாராளமாக அதையே வாங்குங்கள், பணமும் மிச்சம். ஷாம்பெயின் வெறும் பெயர் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.