வரிசையில் கடைசியாக நிற்பவர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வானியல் துறையில் உதவிப் பேராசிரியர். மாதம் ஒருமுறை பொதுமக்களுக்காக ஓர் உரை நடத்துகிறோம். அது முடிந்ததும் துறையின் மொட்டைமாடியில் வான்நோக்கல். எட்டு அங்குல ஆடி கொண்ட, கையால் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கிகள் மூன்று இருக்கின்றன. சென்ற முறை நூற்றிருபது பேர் வந்தார்கள். கருந்துளைகள் பற்றிய உரை ஒன்றரை மணி நேரம் நீண்டுவிட்டது. மாடிக்குப் போனபோது பாதிப் பேர் இல்லை. காத்திருந்து சனிக் கோளைப் பார்த்தவர்களில் சிலர், “படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே” என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் மேகம். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அடுத்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலில் சூரியப் புள்ளிகளைக் காட்டலாமா என்று யோசிக்கிறோம். எங்கே தவறுகிறோம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உரையை மையமாக வைத்து, தொலைநோக்கியை அதற்கு வாலாகச் சேர்த்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) ஒரு நிமிடம் கிடைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதையொட்டி அமையுங்கள்.

கணக்குப் பாருங்கள். நூற்றிருபது பேர், மூன்று கருவிகள் என்றால் ஒரு கருவிக்கு நாற்பது பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் கடைசி ஆள் நாற்பது நிமிடம் நிற்க வேண்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்ட பிறகு. கைக்குழந்தையோடு வந்தவர் கிளம்பத்தான் செய்வார். கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். அறுபது பேர் உரை கேட்கட்டும், அறுபது பேர் வானம் பார்க்கட்டும். பிறகு இடம் மாறட்டும். ஒரு கருவிக்கு இருபது பேர், இருபது நிமிடம். உரை இருபத்தைந்து நிமிடம். பேச்சாளர் அதே உரையை இரண்டு தடவை நிகழ்த்த வேண்டியிருக்கும். அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாதவரைத் துறைக் கருத்தரங்குக்கு அழைத்துக்கொள்ளலாம்.

உரையும் பார்க்கப்போகும் பொருளும் ஒன்றாகவே இருக்கட்டும். கருந்துளையைப் பற்றிக் கேட்டுவிட்டு நிலவைப் பார்க்கிறவருக்கு இரண்டுமே ஒட்டாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, நிலவின் நிழல்களைப் பற்றியே இருபத்தைந்து நிமிடம் பேசலாம். பௌர்ணமி வேண்டாம், நேர் வெளிச்சத்தில் நிழல் விழாது, மேடு பள்ளம் எதுவும் தெரியாது. அஷ்டமி நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே தாலமி என்ற பெரும் பள்ளம் இருக்கிறது. அகலம் சுமார் 150 கிலோமீட்டர். அதன் தரை தட்டையானது. அதன் குறுக்கே விளிம்பின் நிழல் நீண்டு கிடக்கும். அந்த நிழலின் நீளத்தை வைத்து விளிம்பின் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி என்று உரையில் சொல்லிவிட்டால், கண்ணை வைத்ததும் பார்ப்பவர் நிழலைத் தேடுவார்.

அஷ்டமி நிலவில் ஒரு சிக்கலும் உண்டு. சூரியன் மறையும் வேளையில் அது ஏறக்குறைய உச்சியில் நிற்கும். டாப்சோனியனை உச்சியை நோக்கித் திருப்பிப் பின்தொடர்வது பெரும்பாடு. ஐபீஸும் மிக உயரத்துக்குப் போய்விடும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் இரண்டு தொல்லையும் குறையும். சிறுவர்களுக்குக் கைப்பிடி வைத்த உறுதியான படி ஒன்று வேண்டும். கைப்பிடி இல்லாவிட்டால் அவர்கள் குழாயைத்தான் பிடிப்பார்கள்.

மொட்டைமாடியை விட்டு இறங்கிவிடுங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் இரவில் வெப்பத்தைக் கக்கும். பிம்பம் கொதிக்கிற தண்ணீர்போல் அலையும். பத்துப் பேர் நடந்தாலே தளமும் அதிரும். புல்தரை போதும், தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாமல் இருந்தால் சரி. கருவிகளை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வையுங்கள். கருவியின் ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வருவதற்குள் சனியைக் காட்டினால் மங்கலான ஒரு பொட்டுதான் தெரியும். ஃபைண்டரை, அதாவது குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியை, வெளிச்சம் இருக்கும்போதே, சூரியனுக்கு எதிர்த்திசையில் தொலைவிலுள்ள ஒரு கோபுர உச்சியை வைத்துச் சரிசெய்துவிடுங்கள்.

1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட கருவியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 48 மடங்கு உருப்பெருக்கம் தரும். நிலவுக்கு அது போதும். நிலவு முழுவதும் பார்வைப் புலத்துக்குள் அடங்கும். சனிக்கு 10 மில்லிமீட்டர், அதாவது 120 மடங்கு. சாதாரண ஐபீஸில் அப்போது பார்வைப் புலம் சுமார் 25 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) அகலம்தான். புவி சுழல்வதால் வானம் ஒரு வினாடிக்கு 15 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை) நகர்கிறது. ஆக, ஒரு விளிம்பில் நுழைந்த சனி 100 வினாடியில் மறுவிளிம்பில் வெளியேறிவிடும். கருவியை இயக்குபவர் சனியை நடுவில் வைக்காமல் நுழையும் விளிம்பருகே வைக்க வேண்டும். அப்படியும் இரண்டு பேருக்கு ஒருமுறை திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் மூன்றாவது ஆள் வெற்றிருளைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவர்களை நினைத்து, “ம், தெரியுது” என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அதனால் “வளையம் தெரிகிறதா?” என்று கேட்காதீர்கள். “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள்.

“படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே” என்பது நியாயமான மனக்குறைதான். வரிசை நிற்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வட்டம் ஒன்றை ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். 120 மடங்கில் சனியின் உருண்டை ஏறத்தாழ அந்த அளவுதான், சுற்றிலும் வளையம் நீங்கலாக. அளவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்தவர் ஏமாற மாட்டார். உண்மையில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலவைவிடச் சற்றுப் பெரிது என்று சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள். கண்ணுக்குள் நுழையும் அந்த ஒளி சனியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

கண்ணாடி அணிந்தவர்கள் தயங்கி நிற்பார்கள். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருகிக்கொள்ளலாம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) அதிகம் உள்ளவர் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

மேக நாளில் யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் ஆய்வகத்தில் ஹைட்ரஜன், ஹீலியம் மின்னிறக்கக் குழாய்கள் (மின்சாரம் பாய்ச்சினால் ஒளிரும் வாயு விளக்குகள்) இருக்கும். மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் கொண்ட கீற்றணித் தகட்டுத் துண்டுகளை அட்டையில் பொருத்தி ஆளுக்கொன்று கொடுங்கள். அதன் வழியே பார்த்தால் விளக்கின் ஒளி தனித்தனி நிறக் கோடுகளாகப் பிரிந்து தெரியும். 1000 கோடுத் தகடு வேண்டாம். அதில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 41 பாகை ஒதுங்கிவிடும், பழகாத கண் அவ்வளவு தள்ளித் தேடாது. 500-இல் அது 19 பாகைதான். எல்லோரும் முதலில் விளக்கை நேராகவே பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்பார்கள். “தகட்டைக் கண்ணோடு ஒட்டி வை, விளக்குக்குப் பக்கவாட்டில் பார்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆள் வேண்டும். குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது. மாற்றுவது உங்கள் வேலை, சுவிட்சை அணைத்த பிறகு. அரை நிமிடம் எரியவிட்டு அரை நிமிடம் அணைத்தால் குழாய் நீண்ட நாள் வரும்.

ஹீலியத்தின் மஞ்சள் கோட்டைக் காட்டும்போது அதன் கதையைச் சொல்லலாம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டிச் சூரியனின் ஒளியில் தெரிந்த அந்தக் கோடு, சோடியத்தின் கோடுகளுக்கு மிக அருகில் இருந்தும் அதனுடையது அல்ல என்று அந்த ஆண்டே ஆங்கிலேய வானியலாளர் லாக்கியர் கண்டார். புவியில் ஹீலியத்தை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல். கோடுகளுக்கு இடையிலான அந்தச் சிறு இடைவெளியைக் கைத்தகட்டில் பிரித்துக் காண முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பகலில் சூரியனைக் காட்டலாம். ஆனால் சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டி தொலைநோக்கிக் குழாயின் முன்வாயில், முழுத் துளையையும் மூடியபடி இருக்க வேண்டும். ஐபீஸில் திருகிப் பொருத்தும் வகையைத் தூக்கி எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் வெடிக்கும், வெடிக்கிற நொடியில் அங்கே ஒரு குழந்தையின் கண் இருக்கும். ஒவ்வொரு முறையும் வடிகட்டித் தாளில் ஊசித் துளை இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொருத்தியபின் காற்றில் பறக்காதபடி நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், மூடி போட்டால் பிள்ளைகள் திறந்து பார்ப்பார்கள். கருவியைவிட்டு ஒருவர் நகரவே கூடாது, தண்ணீர் குடிக்கப் போனாலும் அவர் இடத்தில் இன்னொருவர் வந்து நின்ற பிறகுதான்.

அன்புடன்.