கப்பலில் யார் கேப்டன்?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் அண்ணன் மகன் கடற்படையில் லெப்டினன்ட். மைத்துனர் மகன் ராணுவத்தில் கேப்டன். இருவரில் யாருக்குப் பெரிய பதவி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இருவரும் சமம். ராணுவத்தில் லெப்டினன்டுக்கு அடுத்த படி கேப்டன். கடற்படையில் சப் லெப்டினன்டுக்கு அடுத்த படி லெப்டினன்ட். அதற்கு மேல் லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன் என்று ஏறும். ஆகவே கடற்படையின் கேப்டன், ராணுவத்தின் கர்னலுக்குச் சமம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கப்பலின் தலைமை அதிகாரி எந்தப் பதவியில் இருந்தாலும் கப்பலில் அவரைக் கேப்டன் என்றே சொல்வார்கள். சிறிய கப்பலுக்கு லெப்டினன்ட் கமாண்டரோ கமாண்டரோ தலைவராக இருப்பார். 'ஐ.என்.எஸ். சென்னை' போன்ற நாசகாரிக் கப்பலுக்கு நிஜமாகவே கேப்டன் பதவியில் இருப்பவர் வருவார். விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'துக்கு அதற்கும் ஒரு படி மேலே, கொமடோர்.

கேள்வி: நடுக்கடலில் இரவில் கேப்டன் தூங்கும்போது கப்பல் யார் பொறுப்பில் இருக்கும்? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், நிற்கும் வாட்ச் (முறைப் பணி) அதிகாரியின் பொறுப்பில். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஒரு லெப்டினன்ட். ஆனால் கப்பலுக்கு என்ன நேர்ந்தாலும் இறுதியில் பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன்தான். தூங்கியதால் அது மாறாது. அதனால்தான் படுக்கப் போகும் முன் இரவு உத்தரவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்: போக வேண்டிய திசை, வேகம், வேறு கப்பல் எத்தனை மைலுக்குள் வந்தால் தன்னை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம். ஒவ்வொரு வாட்ச் அதிகாரியும் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

வாட்ச் என்பது நான்கு மணி நேரம். இரவு 8–12, 12–4, 4–8 என்று போகும். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்துவிடுவார்கள். காரணம் எளிய கணக்கு. ஒரு நாளைக்கு ஆறு வாட்ச் என்றால் இரண்டு குழுவோ மூன்று குழுவோ மாறி மாறி நின்றாலும், நள்ளிரவு வாட்ச் தினமும் ஒரே குழுவின் தலையில் விழும். ஏழாகப் பிரித்தால் முறை நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும்.

ஆள் மாறும் நேரம்தான் ஆபத்தானது. அடுத்து நிற்பவர் கால் மணி நேரமாவது முன்பே வந்துவிட வேண்டும்; வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு முழுதாகப் பழக அரை மணி கூட ஆகும். கப்பல் இருக்கும் இடம், திசை, வேகம், சுற்றிலும் தெரியும் கப்பல்கள், அவற்றில் எது நெருங்குகிறது, எந்த இயந்திரம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தானே பார்த்து உறுதி செய்த பிறகே "கப்பல் என் பொறுப்பில்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போதும் இன்னொரு கப்பலுக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கும்போதும் பொறுப்பு மாற்றக் கூடாது. சுக்கான் உத்தரவுக்கும் இதே கண்டிப்பு. "ஸ்டார்போர்டு டென்" (சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு) என்றால் சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். திருப்பி முடிந்ததும் மறுபடி சொல்வார். தவறாகக் காதில் விழுந்தது கைக்குப் போகும் முன்பே பிடிபட்டுவிடும்.

தயங்காமல் எழுப்புவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 2017 ஜூன் 17 அதிகாலை, ஜப்பான் கடலோரத்தில் அமெரிக்க நாசகாரி 'ஃபிட்ஸ்ஜெரால்ட்', 'ஏசிஎக்ஸ் கிரிஸ்டல்' என்ற சரக்குக் கப்பலோடு மோதியது. 7 மாலுமிகள் இறந்தார்கள். கப்பல்கள் நெருங்கியபோது கேப்டனை எழுப்ப வேண்டும் என்ற நிலையான உத்தரவு இருந்தும் வாட்ச் அதிகாரி எழுப்பவில்லை. கேப்டன் தன் அறையில் இருந்தார். மோதிய இடங்களில் அந்த அறையும் ஒன்று.

கேள்வி: மகன் கப்பலில் மாலுமி. விடுப்பு, குடும்பப் பிரச்சினை என்றால் நேராகக் கேப்டனிடம் பேச முடியுமா? (ராமநாதபுரம் வாசகி)

பதில்: முதலில் டிவிஷனல் ஆபீசரிடம் போக வேண்டும் அம்மா. எக்சிகியூட்டிவ், இன்ஜினியரிங், எலக்ட்ரிக்கல், லாஜிஸ்டிக்ஸ் என்று கப்பலில் துறைகள் உண்டு. துறைக்குள் மாலுமிகளை டிவிஷன் என்ற சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்திருப்பார்கள். விடுப்பு, பதவி உயர்வு, வீட்டுக் கஷ்டம் எல்லாம் அவர் கவனிக்க வேண்டியவை. அங்கே தீராதது துறைத் தலைவர், எக்சிகியூட்டிவ் ஆபீசர் (கேப்டனுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர்), கேப்டன் என்று மேலே போகும். டிவிஷனல் ஆபீசரிடம் போகும் முன், மகனுடைய டிவிஷனின் மூத்த பெட்டி ஆபீசரிடம் (மாலுமிகளில் மேல்நிலையில் இருப்பவர்) சொல்லச் சொல்லுங்கள்; வழி தெரிந்தவர் அவர். வீட்டில் அவசரம் என்றால் மருத்துவச் சான்றின் நகலையும் மகனுக்கு உடனே அனுப்பிவிடுங்கள். வெறும் வாய்ச்சொல்லை விட வேகமாக வேலை நடக்கும்.

கேள்வி: படகில் ஏறும்போது பெரியவர்களுக்கு முதலில் வழி விடுவதுதானே மரியாதை? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: கடற்படையில் நேர்மாறு. இளையவர் முதலில் ஏறுவார், மூத்தவர் கடைசியில். இறங்கும்போது மூத்தவர் முதலில். ஆடும் படகில் மூத்தவர் காத்துக்கொண்டு உட்காரும் நேரம் இப்படிக் குறைகிறது.