குமிழ் நடுவில்தான் இருக்கிறது, ட்ரெபிள் எங்கே போனது?

கேள்வி: டிஎல்072 ஐசி போட்டு பாஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) கன்ட்ரோல் செய்தேன். பாஸ் பாட் (குமிழைத் திருப்பினால் தடை மாறும் ரெசிஸ்டர்) 100 கிலோஓம் லீனியர், அதன் இரு முனைகளிலும் 10 கிலோஓம், கண்டென்சர்கள் 0.047 மைக்ரோஃபாரட். இரண்டு குமிழையும் நடுவில் வைத்தாலும் சத்தம் மந்தமாக இருக்கிறது. வால்யூமை முழுக்கத் திறந்தால் மட்டும் தெளிவாகிறது, குறைத்தால் மறுபடி மந்தம். ஐசி போலியாக இருக்குமா சார்?

பதில்: ஐசியைக் கழற்றாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. வால்யூமைத் திருப்பினால் டோன் மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். வால்யூம் பாட்டின் நடுக்காலை நேராக டோன் சர்க்யூட்டுக்குள் கொடுத்திருப்பீர்கள், அதுவும் 100 கிலோஓம் பாட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த சர்க்யூட் ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டு உள்ளே வரும் சிக்னல் பக்கம், இன்னொன்று ஐசியின் அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் பக்கம். குமிழ் நடுவில் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமம், அதனால் எல்லா அதிர்வெண்ணிலும் பெருக்கம் ஒன்றுதான், கண்டென்சர் மதிப்பு என்னவாக இருந்தாலும் சரி. ஆனால் 100 கிலோஓம் வால்யூம் பாட், சிக்னலைச் சரிபாதியாகக் குறைக்கும் இடத்தில் நிற்கும்போது 25 கிலோஓம் தடையாகத் தெரியும். அது ஒரு பக்கத்தில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு பக்கம் 10 கிலோஓமும் பாட்டின் பாதி 50 கிலோஓமும் சேர்ந்து 60, மறுபக்கம் 25 கூடி 85, இழப்பு 3 டெசிபல்தான். மேல் அதிர்வெண்ணுக்குப் போனால் கண்டென்சர்கள் பாட்டை ஷார்ட் செய்துவிடும், மிஞ்சுவது 10-க்கு எதிராக 35, இழப்பு ஏறக்குறைய 11 டெசிபல். ட்ரெபிள் பகுதியைச் சேர்த்தால் இன்னும் மோசம். மந்தமாகக் கேட்காமல் என்ன செய்யும்?

நடுவில் ஒரு பஃபர் (சிக்னலை அப்படியே வாங்கி, குறைந்த தடையோடு அடுத்த பகுதிக்குக் கொடுப்பது) போடுங்கள், அவ்வளவுதான். டிஎல்072-க்குள் இரண்டு ஆப்-ஆம்ப் (பெருக்கி) இருப்பதால் சானலுக்கு ஒரு ஐசி என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: வால்யூமின் நடுக்கால் ஐசியின் 3-ஆம் காலுக்கு, 2-ஐயும் 1-ஐயும் சேர்த்துவிட்டு, 1-லிருந்து டோன் சர்க்யூட்டுக்கு. மறுபாதி டோனுக்கு.

கேள்வி: பழைய புத்தகம் ஒன்றில் ஐசியே இல்லாமல் வெறும் ரெசிஸ்டர், கண்டென்சர், பாட் மட்டும் வைத்த டோன் கன்ட்ரோல் பார்த்தேன். அது போதாதா?

பதில்: வேலை செய்யும். ஆனால் அது எதையும் உயர்த்துவதில்லை, எல்லாவற்றையும் சுமார் 20 டெசிபல் அமுக்கிவிட்டு, வேண்டியதைக் கொஞ்சம் குறைவாக அமுக்குகிறது. அந்தப் பத்து மடங்கு இழப்பை ஈடுகட்ட எப்படியும் ஒரு பெருக்கி தேவை, அப்போது ஐசி வேண்டாம் என்ற லாபம் போயே போச்சு. தவிர, குமிழின் நடுவில் சமநிலை கிடைக்க லாக் பாட் (திருப்பும் அளவுக்குச் சமமாக இல்லாமல் தடை மாறும் பாட்) போட வேண்டும், ஸ்டீரியோவில் இரண்டு லாக் பாட்டும் ஒன்றுபோல் ஓடுவது அபூர்வம். பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952 அக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதிய நெகடிவ் ஃபீட்பேக் சர்க்யூட், அதாவது மேலே சொன்ன தராசு வகை, பிடித்துக்கொண்டதற்கு, திருப்பும் அளவுக்குச் சமமாகத் தடை மாறும் சாதாரண லீனியர் பாட்டே போதும் என்பது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: எனக்கும் 100 கிலோஓம் பாட், முனையில் 10 கிலோஓம், கண்டென்சர் 0.047 மைக்ரோஃபாரட்தான். பாஸை முழுக்க ஏற்றினால் உறுமல் வருகிறது, ஆண் குரல்கள் எல்லாம் கொழகொழவென்று கேட்கின்றன. ஆனால் எனக்கு பாஸ் நிறைய வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: நீங்களும் 100 கிலோஓம் பாட், முனையில் 10 கிலோஓம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உயர்வு 110-ஐ 10-ஆல் வகுத்தால் 11 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 21 டெசிபல். 1 வோல்ட் சிக்னல் 11 வோல்ட் ஆகும், உச்சத்தில் 15 வோல்ட்டைத் தாண்டும். பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் ஐசியால் அதைத் தர முடியாது, அலையின் உச்சியை வெட்டிவிடும். உறுமல் என்பது அதுதான். சரி, ஐசி தாங்கினாலும் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 10 டெசிபல் ஏற்றினாலே 10 மடங்கு வாட் தேவை.

முனையில் இருக்கும் 10 கிலோஓமை எடுத்துவிட்டு 33 போடுங்கள். உயர்வு 12 டெசிபலாக இறங்கும், என்னைக் கேட்டால் வீட்டுக் கேட்புக்கு அதுவே அதிகம். அதோடு இன்னொன்றும் நடக்கும், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: 0.047 கண்டென்சரோடு 10 கிலோஓம் இருந்தபோது உயர்வு சுமார் 370 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கியது, 33 போட்டால் அது சுமார் 136 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆண் குரலின் கனமான பகுதி பெரும்பாலும் தப்பிவிடும், கொழகொழப்பு குறையும். அப்புறம், மேல் முனை, கீழ் முனை இரண்டு ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நடுவில் சமநிலை வரவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: இரைச்சல் குறையட்டும் என்று டிஎல்072-க்குப் பதில் என்இ5532 செருகினேன். இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது, கூடவே பாஸ் குமிழைத் திருப்பினால் கரகர சத்தம். ட்ரெபிள் குமிழில் இல்லை. பாட் புதுசு.

பதில்: பாட் மேல் பழி போடாதீர்கள். என்இ5532-ன் இன்புட் கால் சுமார் 200 நானோஆம்பியர் டிசி இழுக்கும், டிஎல்072 இழுப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த டிசி பாஸ் பாட்டின் நடுக்கால் வழியாகத்தான் ஓடுகிறது, அதனால் கரகர. ட்ரெபிள் பாட்டுக்குக் கண்டென்சர் காவல் இருக்கிறது, அதனால் அங்கே சத்தம் இல்லை. இரைச்சலுக்கு வருவோம், பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களே இரைச்சல் எழுப்பும்போது ஐசியை மட்டும் மாற்றிப் பயனில்லை. என்இ5532-தான் வேண்டும் என்றால் எல்லா ரெசிஸ்டரையும் பாட்டையும் பத்தில் ஒன்றாக்கி, கண்டென்சர்களைப் பத்து மடங்காக்குங்கள்: பாட் 10 கிலோஓம், முனையில் (மேலே சொன்ன 33-க்குப் பதில்) 3.3, கண்டென்சர் 0.47. டோன் அப்படியே இருக்கும், இரைச்சலும் கரகரப்பும் நன்றாகக் குறையும். கண்டென்சர் பாலியஸ்டர் போன்ற ஃபிலிம் வகையாகப் பார்த்து வாங்குங்கள், இந்த அளவில் கிடைக்கும் சிறிய செராமிக் கண்டென்சர்களின் மதிப்பு வோல்டேஜுக்கு ஏற்ப மாறுவதால் சத்தம் சிதைகிறது. முன்னால் நிற்கும் பஃபரும் என்இ5532-ஆகவே இருக்கட்டும், இவ்வளவு குறைந்த தடையை ஓட்ட டிஎல்072 திணறும்.