காலை எடுக்காமல் காலுக்கு மட்டும் கீமோ கொடுக்க முடியுமா?

கேள்வி: என் மாமாவுக்கு 68 வயது. இடது பாதத்தில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோயைப் போன வருடம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது கெண்டைக்காலில் மிளகு மிளகாகக் கறுப்புக் கட்டிகள். காலை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். காலுக்கு மட்டும் கீமோ கொடுக்கும் முறை இருக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். காலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன் தயவுசெய்து இன்னொரு புற்றுநோய் நிபுணரிடம் காட்டுங்கள். தோலுக்கடியில் இப்படிப் பரவிய மெலனோமாவில் காலை எடுத்துவிட்டால் ஆயுள் கூடும் என்று நம்பப் பெரிதாக ஆதாரம் இல்லை, அதனால் அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

காலைத் தனிமைப்படுத்தி மருந்து கொடுக்கும் யோசனை 1950-களிலேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வந்துவிட்டது. ஆனால் அதற்குத் தொடையைத் திறந்து, ரத்தக்குழாய்களை இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைக்க வேண்டும், பல மணி நேர ஆபரேஷன், வயதானவர்களுக்குச் சிரமம். 1990-களில் சிட்னியில் டாக்டர் ஜான் தாம்ப்சன் குழுவினர் இதை எளிமையாக்கினார்கள். இதற்குப் பெயர் ஐசொலேட்டட் லிம்ப் இன்ஃபியூஷன்.

உங்கள் மாமாவுக்கு இடது கால் என்பதால் வலது தொடை இடுக்கில் ஊசி போட்டு, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மெல்லிய குழாய்களை இடது காலின் தமனிக்குள்ளும் சிரைக்குள்ளும் கொண்டுபோவார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொடையின் மேல்பக்கம் காற்றடைத்த பட்டையை இறுக்கிவிட்டால் காலின் ரத்தம் உடம்போடு கலக்காது. அப்புறம் மெல்ஃபலான், ஆக்டினோமைசின் என்ற மருந்துகளைச் செலுத்திவிட்டு, டாக்டர் பக்கத்தில் நின்று ஒரு சிரிஞ்சால் சிரையிலிருந்து ரத்தத்தை இழுத்து, சூடாக்கும் கருவி வழியாகத் தமனிக்குள் தள்ளுவார், மறுபடி இழுப்பார், மறுபடி தள்ளுவார், இப்படியே அரை மணி நேரம். ஆக்ஸிஜன் கிடைக்காமல் ரத்தம் கருத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு லிட்டர் அளவு உப்பு நீரை விட்டு, வெளியே வருவது தெளிவாகும் வரை காலைக் கழுவிவிட்டுத்தான் பட்டையைத் தளர்த்துவார்கள். உடம்பு முழுக்கக் கொடுத்தால் தாங்க முடியாத அளவு மருந்தை இப்படிக் கால் மட்டும் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு மருந்து என்பதைக்கூட டேப் வைத்துக் காலின் சுற்றளவை இடம் இடமாக அளந்து, அதன் கனஅளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

பலன்? சிட்னியில் 185 பேருக்குச் செய்ததில் 84 சதவீதம் பேருக்குக் கட்டிகள் சுருங்கின அல்லது மறைந்தன, முழுக்க மறைந்தது 38 சதவீதம் பேருக்கு. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் மொத்தப் பலன் 64 சதவீதம்தான், ஆகவே எல்லா இடத்திலும் சிட்னி கணக்கையே எதிர்பார்க்க வேண்டாம். திரும்ப வந்தால் மறுபடியும் செய்ய முடிவது இதில் பெரிய வசதி.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கால் சிவந்து வீங்கும், சிலருக்குக் கொப்புளம் வரும். தசை பாதிக்கப்படுகிறதா என்று சிபிகே ரத்தப் பரிசோதனையைத் தினமும் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். மிக அரிதாக, வீக்கம் அதிகமாகித் தசையுறையைக் கீறிவிட வேண்டி வரலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இது காலுக்கான வைத்தியம் மட்டுமே. பட்டைக்கு மேலே, தொடை இடுக்கின் நெறிகட்டியிலோ நுரையீரலிலோ நோய் இருந்தால் இது அங்கே எட்டாது. இப்போது பல இடங்களில் இம்யூனோதெரபியைத்தான், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் மருந்தைத்தான், முதலில் யோசிக்கிறார்கள், அது பலிக்காதபோதோ ஒத்துக்கொள்ளாதபோதோ இந்த முறைக்கு வருகிறார்கள்.

முதலில் பெட் ஸ்கேன் எடுத்து நோய் காலோடு நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ரிப்போர்ட்டையும், போன வருட ஆபரேஷனின் பயாப்ஸி பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த கட்டியின் துண்டு) வாங்கிக்கொண்டு, மெலனோமா அதிகம் பார்க்கும் பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். "இம்யூனோதெரபி கொடுக்கலாமா, லிம்ப் இன்ஃபியூஷன் இங்கே செய்கிறீர்களா, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். மாமாவையும் கூட்டிப்போங்கள், அவர் கால் விஷயத்தை அவரும் உட்கார்ந்து கேட்கட்டும்.