எலுமிச்சை மட்டும் ஏன் முதலில் ஓடுகிறது?

கேள்வி: உள்ளூர் பிராண்ட் ஒன்றின் விலை குறைந்த பெர்ஃப்யூம் வாங்கினேன். எலுமிச்சை, ஆரஞ்சு, பச்சௌலி (மண்வாசனை வீசும் ஒரு செடியின் இலை எண்ணெய்) கலந்ததாம். அடித்தவுடன் பிரமாதம், அரை மணி நேரத்தில் எலுமிச்சை காணாமல் போய் மண்வாசனை மட்டும் மிஞ்சுகிறது. மலிவுச் சரக்கு என்பதால்தானா?

பதில்: விலையைக் குறை சொல்லாதீர்கள், பெரிய விலை பாட்டிலிலும் இதேதான் நடக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனின், அது லேசான மூலக்கூறு, உடல் சூட்டுக்கே பறந்துவிடும். பச்சௌலி கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும், துணியில் பட்டால் நாள்கணக்கில் நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைக் கப்பலேற்றும்போது பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையைத்தான் இடையிடையே வைத்தார்கள், அந்த வாசனையை வைத்தே அசல் சால்வை எது என்று ஐரோப்பாவில் மோந்து பார்த்தார்களாம். பெயரே நம் 'பச்சை இலை'யிலிருந்து போனது என்று சொல்பவர்களும் உண்டு!

சரி, என்ன செய்யலாம்? வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் அடியுங்கள், மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள், அப்புறம் மதியம் இன்னொரு முறை அடித்துக்கொள்ளுங்கள், விலை குறைவு என்பதில் இருக்கும் சௌகரியமே அதுதானே. பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள், காற்றும் வெளிச்சமும் பட்டால் லிமோனின் கெட்டுச் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும். அந்த மண்வாசனையே பிடிக்கவில்லை என்றால் பிரச்சினை பாட்டிலில் இல்லை, உங்களுக்கும் பச்சௌலிக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.